பின்சீட்டில் இருப்பவரின் தலை யாருடையது?

ஹெல்மெட் விஷயத்தில் தமிழ்நாட்டில் கட்சிப் பிரிவினை கிடையாது. "நல்லதுதான், யார் இல்லையென்றது? ஆனால் வளர்ந்த ஆளை நடுரோட்டில் மறித்து ‘மாட்டு’ என்று சொல்ல இவர்கள் யார்?" டீக்கடை பெஞ்சில் இதற்குத் தலையாட்டல், பட்டிமன்ற மேடையில் இதற்குக் கைதட்டல். நாலு எழுத்து படித்தவர் இதையே தனிமனித சுதந்திரம் என்பார். மற்றவர் "என் தலை, என் உயிர், உனக்கென்ன வந்தது?" என்று முடித்துக்கொள்வார். துணைக்கு அரை டஜன் வாதங்கள் எப்போதும் தயார்: முதலில் ரோட்டைச் சரிபண்ணு, டாஸ்மாக் நடத்துகிறவனுக்கு என் உயிர்மேல் என்ன அக்கறை, எல்லாம் அபராத வசூல், வெயிலில் தலை வெந்துபோகிறது, பக்கத்துத் தெருவுக்குத்தானே போகிறேன்.

இது வாய்ப்பேச்சோடு நின்றதுமில்லை. 2015-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.கிருபாகரன், ஜூலை 1 முதல் ஹெல்மெட் சட்டத்தைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொல்லி உத்தரவிட்டார். கடைகளில் ஹெல்மெட்டுக்கு அடிதடி, விலை ஏற்றம் எல்லாம் நடந்தன. மதுரையில் வழக்கறிஞர்களே அந்த உத்தரவை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். 2019 பிப்ரவரியில் புதுச்சேரித் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி தானே சாலையில் இறங்கி ஹெல்மெட் போடாதவர்களை நிறுத்தினார். சில நாளில் முதல்வர் நாராயணசாமியும் அமைச்சர்களும் ஆளுநர் மாளிகை வாசலில் தர்ணா உட்கார்ந்தார்கள். அவர்களுடைய புகார்ப் பட்டியலில் ஹெல்மெட்டும் இருந்தது. ஒரு யூனியன் பிரதேசத்தின் அரசியல் நெருக்கடிக்குள்ளேயே நுழைந்துவிடும் அளவுக்கு இந்தத் தொப்பிக்கு எதிர்ப்பு இருக்கிறது.

சட்டம் ஒன்றும் நேற்று வந்ததில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு, பொது இடத்தில் இருசக்கர வாகனம் ஓட்டுபவரும் அதில் அமர்ந்து செல்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. தலையோடு பட்டையால் இறுக்கிக் கட்டப்பட்டால்தான் அது தலைக்கவசம் என்றும் விளக்குகிறது. ஹெல்மெட் விதி நடமாடும் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று ஆந்திரப் பிரதேச விதி ஒன்றை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட அஜய் கானு வழக்கை உச்ச நீதிமன்றம் அதே 1988-இல் தள்ளுபடி செய்தது. பாதுகாப்பாக நடமாட உதவும் ஒன்றை நடமாட்டத்துக்குத் தடை என்று சொல்ல முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஆக, சட்டப்படி இந்தச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. மனத்தளவில்தான் முடியவில்லை. அதனால் நீதிமன்றத்தைத் துணைக்கு அழைக்காமல், "என் தலை, என் இஷ்டம்" என்ற வாதத்தை அதன் தரையிலேயே நின்று எதிர்கொள்வோம்.

முதல் கேள்வி: இந்த வாதத்தை யார் பேசுகிறார்கள்? ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பவர். பின்சீட்டில் இருப்பவர் இதைப் பேசி நான் கேட்டதில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கைப் பாருங்கள். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் வண்டி ஓட்டியவர்கள் 35,692 பேர். பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள் 14,337 பேர். ஹெல்மெட் இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. லாரிச் சக்கரத்துக்கு அடியில் போனவரை எந்தக் கவசமும் காப்பாற்றாது. ஆனால் அந்தப் பதினான்காயிரத்துச் சொச்சம் பேரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர்கள் வண்டியின் வேகத்தை முடிவு செய்யவில்லை. முந்தலாமா வேண்டாமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. பிரேக் அவர்கள் காலடியில் இல்லை. வீட்டில் இருந்த ஒரே ஹெல்மெட் யார் தலைக்குப் போக வேண்டும் என்பதிலும் பெரும்பாலும் அவர்களுக்குப் பேச்சில்லை.

முகூர்த்த நாள் காலையில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் பத்து நிமிஷம் நின்றால் போதும். வந்து நிற்கும் வண்டிகளில் ஓட்டுபவர் தலையில் ஹெல்மெட் இருக்கும்; பட்டை மாட்டாமல் காதோரம் ஆடும். பின்னால் மனைவி பட்டுப்புடவையோடு ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பார். ஒரு கையில் மொய்க்கவர் வைத்த பை, மடியில் குழந்தை, இன்னொரு கை வண்டிக் கம்பியில். அவர் தலையில் இருப்பது மல்லிகைப்பூ. பெட்ரோல் டேங்க்மேல் இன்னொரு குழந்தை. நான்கு தலை, ஒரு கவசம். அதுவும் பிடிமானம் உள்ளவர் தலையில். ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பவருக்குத் தொடையால் சீட்டை இறுக்கிப் பிடிக்க வழியில்லை. வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டாலும், முந்தானை சக்கரத்தில் சிக்கினாலும், முதலில் விழுபவர் அவர்தான். விழும்போது கையில் குழந்தை இருந்தால் தரையில் கை ஊன்றவும் முடியாது. அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, வளர்ந்த மனிதர்கள் யோசித்து எடுத்த சுதந்திரமான முடிவு இது என்று யாராவது சொன்னால் அவருக்கு நெஞ்சுரம் அதிகம்.

ஏன் அந்தப் பெண் தனக்கும் ஒன்று வாங்கித்தரச் சொல்லக் கூடாது? கேட்டிருப்பார். பேச்சு எப்படிப் போயிருக்கும் என்பது நம் வீடுகளில் தெரிந்த கதைதான். "என்னங்க, எனக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கிடலாமே." "எதுக்கு? நான் என்ன உன்னைக் கீழ தள்ளியா விட்டுடப் போறேன்?" முடிந்தது. பின்சீட்டுக்காரர் ஹெல்மெட் கேட்டால், அது ஓட்டுபவரின் திறமைமீது சந்தேகப்படுவதாக ஆகிவிடுகிறது. மாமனார் வண்டியில் ஏறும் மருமகளும், முதலாளி வண்டியில் ஏறும் கடைப்பையனும், நண்பன் கூப்பிட்டான் என்று ஏறும் கல்லூரி மாணவியும் அதே இக்கட்டில்தான் இருக்கிறார்கள். கேட்டால் மனத்தாங்கல், கேட்காவிட்டால் வெறுந்தலை.

சட்டம் இந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதை எதிர்ப்பவர்கள் கவனிப்பதே இல்லை. "போலீஸ் பிடிக்கிறாங்களாம்ங்க, ஆயிரம் ரூபாயாம்" என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கிறது. கணவரின் ஓட்டுத்திறமைக்குப் பங்கமில்லை, குடும்பத்தில் மனஸ்தாபமில்லை, பழி முழுவதும் போலீஸ் தலையில். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் ஹெல்மெட் அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. உயர்த்தியவர்கள் என்ன நினைத்து உயர்த்தினார்களோ, வீட்டுக்குள் வாயடைத்துக் கிடந்த ஒரு கோரிக்கைக்கு அது பலம் சேர்த்தது. கட்டாயம் என்றாலே சுதந்திரத்துக்கு எதிரி என்று நினைப்பவர்கள், வீட்டுக்குள் யாருக்கு எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஓட்டுபவரின் கையை லேசாகக் கட்டும் அதே விதி, பின்னால் இருப்பவரின் வாய்க்கட்டை அவிழ்க்கிறது.

அரசே பின்சீட்டை மறந்த வரலாறும் உண்டு. தலைநகர் டெல்லியில் 2014 ஆகஸ்ட் வரை பெண்களுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை, விருப்பமிருந்தால் போட்டுக்கொள்ளலாம். மத உணர்வைக் காரணம் காட்டித் தொடங்கிய அந்த விலக்கு, எல்லா மதத்துப் பெண்களின் தலைக்கும் பொருந்தியது. விருப்பம் என்று விட்டதால் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஹெல்மெட் வாங்கினார்களா? இல்லை. விருப்பம் என்று விடப்பட்டது, வேண்டாம் என்று ஆனது. தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு விலக்கு உண்டே என்று இங்கே சிலர் கேட்பார்கள். உண்டு, பிரிட்டனிலும் 1976 முதல் உண்டு. தலைப்பாகையைக் கழற்றுவது ஒரு சீக்கியருக்கு என்ன என்பதைச் சட்டம் எடைபோட்டுக் கொடுத்த விலக்கு அது. கிராப் கலைந்துவிடும் என்பவர் அதே வரிசையில் வந்து நிற்க முடியாது.

சரி, பின்சீட்டுக்கு மட்டும் சட்டம் போடு, ஓட்டுபவரை விட்டுவிடு என்று ஒருவர் சொல்லலாம். தனியாகப் போகிறவருக்கு என்ன நியாயம்? நேர்மையான கேள்வி. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஆஸ்பத்திரிச் செலவு: நீ அடிபட்டால் சிகிச்சைக்கு என் வரிப்பணம் போகிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்பது உண்மைதான். ஆனாலும் இந்தப் பதிலில் எனக்கு நம்பிக்கையில்லை. இந்தத் தர்க்கத்தை நீட்டினால் பரோட்டாவுக்கும் பீடிக்கும் அபராதம் போடலாம். பொதுப்பணம் செலவாகிறது என்பதற்காக ஒருவரின் வாழ்க்கைக்குள் எங்கே வேண்டுமானாலும் நுழையலாம் என்பது ஆபத்தான கொள்கை. ஹெல்மெட் சட்டத்துக்கு அந்த ஊன்றுகோல் தேவையும் இல்லை.

செலவைவிடப் பெரிய சுமை ஒன்று இருக்கிறது. அது கஜானாவில் விழுவதில்லை. தலையில் அடிபட்டவர்கள் எல்லோரும் இறந்துவிடுவதில்லை. பலர் பிழைக்கிறார்கள். பிழைத்தவருக்குப் பேச்சு திரும்ப வேண்டும், நடை திரும்ப வேண்டும், கோபம் அடங்க வேண்டும், சில நேரம் பெற்ற பிள்ளையின் பெயர் ஞாபகம் வர வேண்டும். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க ஓர் ஆள் வேண்டும். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்ற ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அரசாங்கம் இல்லை; மனைவி, அம்மா, படிப்பை நிறுத்திய மகள். "என் உயிர், என் இஷ்டம்" என்றவர் உண்மையில் பந்தயம் வைத்தது தன் உயிரை மட்டும் இல்லை, இன்னொருவரின் அடுத்த இருபது வருஷத்தையும்தான். அந்த இன்னொருவரிடம் அவர் ஒப்புதல் கேட்கவில்லை. தனியாக ஓட்டினாலும் நம் ஊரில் யாரும் தனியாக விழுவதில்லை.

இன்னொன்று. ஹெல்மெட் போடாதது உண்மையிலேயே ஒருவரின் முடிவுதானா? பொருளாதார நோபல் பெற்ற தாமஸ் ஷெல்லிங் 1973-இல் ஐஸ் ஹாக்கி வீரர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்த வீரர்களில் பலர் ஹெல்மெட் போடாமல் ஆடினார்கள். ஆபத்து அவர்களுக்குத் தெரியாததில்லை. மற்றவன் போடாதபோது நான் மட்டும் போட்டால் கோழை என்பார்கள், பார்வை கொஞ்சம் மறைக்கும், எதிரணிக்குச் சாதகம் என்ற தயக்கம். ஆனால் எல்லோருக்கும் கட்டாயம் என்று விதி வந்தால் அதே வீரர்கள் மனத்துக்குள் நிம்மதியடைவார்கள் என்றார் ஷெல்லிங். தனியாகச் செய்யத் தயங்குவதை எல்லோரும் சேர்ந்து செய்ய மனிதன் விரும்புவான். விதி அந்த விருப்பத்தை நிறைவேற்றிக்கொடுக்கிறது. 1979-இல் அமெரிக்க, கனடிய அணிகள் ஆடும் தேசிய ஹாக்கி லீக், புதிதாக வரும் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. இன்று அங்கே வெறுந்தலையோடு ஆட வேண்டும் என்று யாரும் உரிமைக்குரல் எழுப்புவதில்லை.

நம் கல்லூரி வாசலுக்கும் இது அப்படியே பொருந்தும். ஆறு வண்டியில் பன்னிரண்டு பேர் கிளம்பும்போது ஒருவன் மட்டும் ஹெல்மெட்டை மாட்டிப் பட்டையையும் இழுத்துக் கட்டினால் மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் மனத்துக்குள் போட விரும்புகிறார்கள் என்பதுதான் தெரியாது. வெறுந்தலையைச் சுதந்திரத்தின் அடையாளம் என்று பேசுகிறவர்கள், கேலிக்குப் பயந்து கழற்றிவைத்த தலைகளையும் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களில் என் மரியாதைக்குரிய ஒருவர் உண்டு. பிரிட்டனில் 1973-இல் ஹெல்மெட் கட்டாயமானபோது ஃப்ரெட் ஹில் என்ற முதியவர் கட்டுப்பட மறுத்தார். பெரே தொப்பியோடு வண்டி ஓட்டினார். அபராதம் கட்ட மறுத்தார். திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். 1984-இல் லண்டன் பென்டன்வில் சிறையில் இருக்கும்போதே இறந்தார். அவர் கருத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அது கொள்கை. தன் தலையை மட்டும் பணயம் வைத்தார், அதற்கான விலையையும் தானே கொடுத்தார். நம் ஊர்ச் சுதந்திரப் போராளியோ முழங்கையில் ஹெல்மெட்டை வளையல்போல் மாட்டிக்கொண்டு வருவார். எதிரே வருபவர் முகப்பு விளக்கை அடித்துச் "செக்கிங்" என்று சைகை காட்டினால் சிக்னலுக்கு ஐம்பதடி முன்னால் தலையில் கவிழ்ப்பார். போலீஸைத் தாண்டியதும் கழற்றுவார். பின்னால் இருக்கும் மனைவியை இறக்கிவிட்டு, "அந்தப் பக்கம் நடந்து வந்துடு" என்பார். இதைக் கொள்கை எதிர்ப்பு என்று கௌரவப்படுத்த என்னால் முடியவில்லை.

மற்ற வாதங்களுக்கு வருவோம். ரோடு குண்டும் குழியுமாக இருக்கிறது என்றால் ஹெல்மெட்டுக்கு அது இன்னும் ஒரு காரணம். எதிரான காரணமாக அது எப்படி ஆகும்? பள்ளத்தை மூடச் சொல்லி மறியல் செய்யுங்கள், நானும் வருகிறேன். தலையில் ஹெல்மெட்டோடு வருகிறேன். டாஸ்மாக் வாதம் கேட்கச் சுவையானது. சாராயம் விற்கும் அரசுக்கு உபதேசம் செய்ய யோக்கியதை இல்லை என்பது அரசின் நேர்மையைப் பற்றிய செய்தி. சொல்பவரின் யோக்கியதையைப் பார்த்துத் தார்ச்சாலை இளகிக்கொடுக்காது. பீடி குடிக்கும் டாக்டர் பீடி குடிக்காதே என்றால், அதற்காக நம் நுரையீரல் அவரோடு வீம்புக்கு நிற்குமா?

பக்கத்துத் தெரு வாதத்துக்குப் பதில் பள்ளிக்கூட இயற்பியலில் இருக்கிறது. வண்டி நின்றுகொண்டே இருக்கட்டும். அதில் உட்கார்ந்திருப்பவர் தலை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தடங்கலின்றித் தரையில் வந்து மோதினால், மோதும் வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். வேகமே இல்லாத வண்டியில் கதை இது. மண்டையோட்டுக்கும் தார்ச்சாலைக்கும் இடையில் எதுவும் இல்லாவிட்டால் அந்த இருபது போதும். ஹெல்மெட்டைத் திருப்பி உள்ளே பார்த்தால் விஷயம் புரியும். வெளியே கெட்டி ஓடு. அதற்குள் விரல் தடிமனுக்குத் தெர்மாகோல். பிறகு துணி மெத்தை. தாடைக்குக் கீழே பட்டை. உயிரைக் காப்பது அந்த மலிவான தெர்மாகோல்தான். அது நசுங்குகிறது. தலை சட்டென்று நிற்காமல் கொஞ்சம் உள்வாங்கி நிற்கிறது. மண்டைக்குள் மூளை முட்டிக்கொள்ளும் வேகம் குறைகிறது. ஒருமுறை நசுங்கிய தெர்மாகோல் மறுமுறை உதவாது. அதனால்தான் அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப்போட வேண்டும். பட்டை மாட்டாத ஹெல்மெட் தலைக்கு முன்னால் தரையைத் தொட்டு, தன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்ளும்.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த ரகசியமும் இல்லை. ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று உலகம் அறிந்த டி.இ.லாரன்ஸ் 1935-இல் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலைக்காயத்தால் இறந்தார். அவருக்குச் சிகிச்சையளித்தவர்களில் ஒருவரான நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராயத் தொடங்கினார். ஹெல்மெட் உயிர் காக்கும் என்று 1941-இல் எழுதினார். உலகெங்கும் நடந்த 61 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வு 2008-இல் வெளிவந்தது. மோட்டார் சைக்கிள் விபத்தில் மாட்டிக்கொள்பவருக்கு ஹெல்மெட் மரண அபாயத்தை 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்பது அதன் முடிவு. கழுத்தெலும்பு முறியும் என்ற பயத்துக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. காது கேட்காது, கண் மறைக்கும் என்ற புகாரையும் 1981-இல் வெளியான அமெரிக்காவின் ஹர்ட் அறிக்கை, நூற்றுக்கணக்கான விபத்துகளைக் களத்தில் ஆராய்ந்து தள்ளிவிட்டது.

கவசம் வேலை செய்யும், சரி. ஆனால் கட்டாயம் வேலை செய்யுமா? இதற்கும் பதில் உண்டு. இத்தாலியில் 2000-ஆம் ஆண்டுவரை சிறிய மொபெட் ஓட்டும் வளர்ந்தவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை. அந்த விலக்கை நீக்கிய பிறகு ரோமாஞ்ஞா பகுதியில் ஆராய்ந்தார்கள். ஹெல்மெட் அணிபவர்கள் 20 சதவீதத்துக்கும் கீழே இருந்து 96 சதவீதத்துக்கும் மேலே போனார்கள். இருசக்கர விபத்துகளில் மூளைக்காயத்தோடு மருத்துவமனைக்கு வந்தவர்கள் 66 சதவீதம் குறைந்தார்கள். சொல்லிப் புரியவைத்தால் போதும், கட்டாயம் எதற்கு என்பவர்கள் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அவ்வளவு பேரை ஒரே மூச்சில் மாற்றியது சட்டம்.

இத்தாலி பணக்கார நாடு, குளிர்ந்த நாடு என்பீர்கள். வியட்நாமுக்கு வாருங்கள். நம்மைப் போலவே வெயில், வியர்வை. நம்மைவிட அதிகமாக மோட்டார் சைக்கிளை நம்பி வாழும் ஜனம். அங்கேயும் ஹெல்மெட்டைச் சோறு வடிக்கும் எலக்ட்ரிக் குக்கர் என்று கேலி செய்தார்கள். 2007 டிசம்பர் 15 அன்று நாடு முழுவதும் எல்லாச் சாலைகளிலும் ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயமானது. மிகச் சில நாட்களில் அணிபவர்கள் 90 சதவீதத்தைத் தாண்டினார்கள். அடுத்த மூன்று மாதத்தில் 20 மருத்துவமனைகளில் கண்காணித்தபோது சாலை விபத்துத் தலைக்காயங்கள் 16 சதவீதமும் மரணங்கள் 18 சதவீதமும் குறைந்திருந்தன. மே மாதத்துச் சென்னை வெயிலில் ஹெல்மெட் கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஹோ சி மின் நகரத்து மனிதனின் தலை தாங்குவதை நம் தலை தாங்காது என்பதற்கு உடற்கூறில் காரணமில்லை.

சட்டத்தைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதையும் ஒரு மாநிலம் செய்து காட்டியிருக்கிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா 2000-இல், 21 வயது நிறைந்து, 10,000 டாலர் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர் ஹெல்மெட் போட வேண்டாம் என்று விதியை மாற்றியது. வளர்ந்தவரின் உரிமை என்ற வாதத்துக்கு இதைவிடக் கச்சிதமான சோதனை கிடையாது. மாற்றத்துக்கு முந்தைய மூன்றாண்டில் 515 மோட்டார் சைக்கிள்காரர்கள் இறந்திருந்தார்கள். பிந்தைய மூன்றாண்டில் 933 பேர். இடையில் வண்டிகளும் பெருகின. அந்தப் பெருக்கத்தைக் கழித்த பிறகும் மரண விகிதம் கூடியிருந்தது. இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சட்டம் யாரை இன்னும் கட்டாயப்படுத்தியதோ, அந்த 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடமும் ஹெல்மெட் இல்லாத மரணங்கள் கூடின. தூரத்திலிருந்து பார்க்கும் போலீஸ்காரருக்கு 20 எது, 21 எது என்று தெரியுமா? பாதிப்பேருக்கு விலக்குக் கொடுத்த சட்டம் மீதிப்பேரையும் காப்பாற்றுவதில்லை. ஓட்டுபவரை விட்டுவிட்டுப் பின்சீட்டை மட்டும் பிடி என்பவர்களுக்கும் இதுதான் பதில். அப்பா வெறுந்தலையோடு ஓட்டும் வண்டியில் பிள்ளை தலையில் மட்டும் ஹெல்மெட் நிலைக்காது.

ஹெல்மெட் போட்டால் தைரியம் வந்து வேகமாக ஓட்டுவான் என்ற வாதத்தை ஒரு வரியில் முடிக்கலாம்: பின்சீட்டில் இருப்பவருக்குத் தைரியம் வந்தால் முறுக்க அவர் கையில் ஆக்சிலேட்டர் இல்லை.

இனி, எதிர்ப்பவர்கள் சொல்வதில் உண்மையும் ரத்தமும் உள்ள பகுதி. 2018 மார்ச் 7 அன்று திருச்சி அருகே, ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன ஒரு தம்பதியைப் போக்குவரத்து ஆய்வாளர் விரட்டிச்சென்று வண்டியை எட்டி உதைத்தார். கீழே விழுந்து இறந்தவர் பின்சீட்டில் இருந்த மனைவி. ஆயிரக்கணக்கானோர் அன்றிரவு திருச்சி–தஞ்சாவூர் சாலையை மறித்தார்கள். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. தலையைக் காக்க வந்த சட்டத்தின் பெயரால் ஒரு தலையை உடைத்தவருக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் அந்தச் சம்பவம் எதை நிரூபிக்கிறது? விரட்டிப் பிடிக்கும் போலீஸ் முறை ஒழிய வேண்டும் என்பதை. முன்னால் இருப்பவர் நிற்காமல் போக முடிவெடுத்ததிலும், ஆய்வாளர் உதைக்க முடிவெடுத்ததிலும் இறந்துபோன பெண்ணுக்குப் பங்கில்லை. இரண்டு ஆண்களின் வீம்புக்கு நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். அந்த மரணத்தைக் காட்டி "ஹெல்மெட் சட்டமே வேண்டாம்" என்பவர்கள், அவர் உட்கார்ந்திருந்த இருக்கையை மறுபடியும் பாதுகாப்பில்லாமல் விட்டுவிடச் சொல்கிறார்கள்.

வசூல் என்ற குற்றச்சாட்டிலும் உண்மை இல்லாமலில்லை. மாதக் கடைசியில் மரத்தடியில் ஒளிந்திருந்து பாயும் போலீஸ்காரரை யாரும் கற்பனையில் உருவாக்கவில்லை. சாலையோரத்தில் முந்நூறு ரூபாய்க்கு விற்கும் போலி ஹெல்மெட்டும் கண்ணுக்கு எதிரிலேயே குவிந்து கிடக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் 2021 ஜூன் 1 முதல் சட்டப்படி கூடாது. அந்தக் கடைக்காரரை விட்டுவிட்டு வாங்கியவரை மட்டும் பிடித்தால், அரசுக்குத் தலையைவிட ரசீதுப் புத்தகத்தில்தான் அக்கறை என்று மக்கள் நினைப்பதில் தவறென்ன?

ஆகவே செய்ய வேண்டியது சட்டத்தைக் கழற்றுவது இல்லை, பட்டையை ஒழுங்காக மாட்டுவது. விரட்டலை அறவே நிறுத்தி, கேமரா படத்தோடு வீட்டுக்கு ரசீது அனுப்பலாம். பல நகரங்களில் அது ஏற்கெனவே நடக்கிறது. போலி ஹெல்மெட்டை விற்கும் இடத்திலேயே பறிமுதல் செய்யலாம். புது வண்டி வாங்கும்போது ஹெல்மெட் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி வெகுகாலமாகச் சொல்கிறது. எத்தனை ஷோரூமில் அதைக் கேட்காமலே கொடுக்கிறார்கள்? இரண்டு இருக்கை உள்ள வண்டிக்கு இரண்டு ஹெல்மெட், அதில் ஒன்று பின்னால் அமர்பவரின் தலை அளவுக்கு என்று கறாராகக் கேட்போம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கவசமும் பாதுகாப்பு வாரும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற மத்திய விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்தக் குழந்தை ஹெல்மெட் நம் ஊர்க் கடையில் எங்கே கிடைக்கும் என்று அரசைக் கேட்போம். சட்டத்தை எதிர்ப்பவர்கள் தங்கள் கோபத்தில் பாதியை இந்தக் கேள்விகளுக்குச் செலவிட்டிருந்தால் எத்தனையோ வீடுகளில் இன்று இரண்டாவது ஹெல்மெட் இருந்திருக்கும்.

தனிமனித சுதந்திரம் பெரிய விஷயம். என்ன உண்பது, யாரைக் கட்டுவது, யாரைக் கும்பிடுவது என்பதில் அரசும் ஊரும் மூக்கை நுழைக்கும்போது அதைக் காக்க ஆள் வேண்டும். இந்த மண்ணில் அப்படிப் போராடியவர்கள் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கொண்டுவந்து ஒன்றேகால் கிலோ எடையுள்ள ஒரு கவசத்தைத் தவிர்க்கப் பயன்படுத்துவது சில்லறை வேலை. அதையும் மீறி, தன் தலைமீது தனக்கிருக்கும் உரிமையைப் பேசியே தீருவேன் என்கிறவர் தாராளமாகப் பேசட்டும். அதற்குமுன், பின்னால் ஏறப்போகிறவருக்கு ஒரு ஹெல்மெட்டை வாங்கிக் கொடுக்கட்டும். பட்டையைச் சரியாக மாட்டியிருக்கிறாரா என்று பார்க்கட்டும். பிறகு, தான் வெறுந்தலையோடு ஓட்ட அவருக்குச் சம்மதமா என்று கேட்கட்டும். அவர் என்ன பதில் சொல்கிறார் என்று கேட்டுவிட்டு, வாதத்தைத் தொடரலாம்.